மெமோ வாங்காத குடும்பம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு விமான மைதானத்தில் இருந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். தரையில் நான்கு பேர். கழுத்தில் எப்போதும் தூரக்கண்ணாடி தொங்குவதால் கண்ணாடி என்றே அழைக்கப்பட்ட, வானம் பார்க்கும் வேலைக்காரர். பாராசூட்டுகளை மடித்துப் பையில் கட்டித் தரும் மடிப்பு அக்கா. அலுவலக அறையில் மேனேஜர். தன் சொந்த விமானத்துக்குப் பெட்ரோல் போட வந்திருந்த பல் டாக்டர். மேலே ஆறு பேர். குதிப்பவர்களை ஏற்றிப்போன விமானத்தின் கேப்டன், வாராவாரம் பணம் கட்டிக் குதிக்க வரும் மூன்று பேர், அவர்களோடு போன பயிற்சியாளன் பம்பரம், வேறொரு சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது மாணவி.

தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேருக்கு மேல். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. கண்ணாடியின் அண்ணனும் இல்லை. அவர் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்துக்கு ஒரே ஓடுபாதை. குதிப்பவர்களின் விமானமும் பயிற்சிப் பள்ளியின் விமானங்களும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. கேப்டன் உயரத்தில் இருக்கும்போது தொலைவிலுள்ள பெரிய விமான நிலையத்தோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சு சின்ன விமானங்களுக்குக் கேட்காது. ஆகவே கீழிருந்து வாக்கிடாக்கியில், "ஆள் குதிச்சாச்சு, மைதானத்து மேல வராதீங்க" என்று சொல்வது கண்ணாடியின் வேலை. கொடிக்கம்பத்தின் அடியில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் கழுத்தைப் போதுமான அளவு பின்னால் சாய்க்க முடியாது.

"சும்மா வானத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிறவனை எல்லா வீட்டுலயும் திட்டுவாங்க. எங்க வீட்டுல அதுக்குச் சம்பளம் வருது" என்று அவர் மனைவி சொல்லுவாள்.

விமானம் கிளம்பும்போது எத்தனை பேர் குதிக்கப் போகிறார்களோ அத்தனை சோடா மூடிகளை அவர் கால்சட்டையின் வலது பையில் போட்டுக்கொள்வார். ஒருவர் தரையைத் தொட்டதும் ஒரு மூடி இடது பைக்குப் போகும். வலது பை காலியான பிறகுதான் "மேல காலி" என்று சொல்லுவார். பதினோரு வருஷமாக அப்படித்தான். குதிப்பு இல்லாத நாட்களில் அவருக்கு விடுமுறை. அன்றைக்கு விமானிகள் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. அதனால் பதில் வராவிட்டால் வானம் காலி என்று அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. யாரும் அதை எழுதிவைக்கவில்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பழைய மாணவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

பெட்ரோல் ஊற்றத் தனியாக ஒரு ஆள் இருந்தார். குடலிறக்க அறுவைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. "ஆள் பார்த்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் நீயே ஊத்திடு" என்று கண்ணாடியிடம் சொன்னார் மேனேஜர். அது நான்கு மாதத்துக்கு முந்தைய பேச்சு. பெட்ரோல் பம்பிலிருந்து ஐம்பது அடிக்குள் வாக்கிடாக்கியோ கைபேசியோ கொண்டுபோகக் கூடாது என்று சிவப்புப் பலகை வைத்திருந்தார்கள். ஐம்பதாவது அடியில் ஒரு இரும்புத் தூண். அதில் ஒரு கொக்கி. வாக்கியை அதில் மாட்டிவிட்டுத்தான் பம்புக்குப் போக வேண்டும். வானத்தில் ஆள் இருக்கும்போது வாக்கியைக் கையை விட்டு வைக்கக் கூடாது என்பதும் விதிதான். அதற்குப் பலகை இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், குதித்தவர்கள் மேலே இருக்கும்போது பெட்ரோல் ஊற்றச் சொன்னார்கள். கண்ணாடி மறுத்தார். காத்திருந்த விமானம் பொறுமையிழந்து வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. மறுநாள் அவருக்கு மெமோ வந்தது.

அவருடைய அண்ணனை வீட்டிலும் தெருவிலும் பெரியவர் என்பார்கள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். மனைவி போன பிறகு தம்பி வீட்டில் முன்னறையில் இருந்தார். வீட்டில் இருக்கும்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருப்பார். தம்பி மெமோவைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார்.

"என்னடா இது?"

"மெமோண்ணே."

"தெரியுது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். எதுக்குன்னு கேட்டேன்."

"மேல ஆளு இருக்கும்போது வாக்கிய வச்சிட்டுப் பெட்ரோல் ஊத்த வரமாட்டேன்னு சொன்னேன். அதைத்தான் எழுதியிருக்காங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எரிபொருள் நிரப்பச் சொன்னபோது, குதிப்பவர்கள் வானில் இருப்பதாகவும் வாக்கிடாக்கியை விட்டு வர இயலாது என்றும் கூறி மறுத்துவிட்டீர்கள். இது கீழ்ப்படியாமையாகக் கருதப்படும். மறுபடி நேர்ந்தால் வேலை நீக்கம். கீழே மேனேஜரின் கையெழுத்து, தேதி, முத்திரை.

"அப்பா முப்பத்தெட்டு வருஷம் மில்லுல இருந்தார். ஒரு மெமோ உண்டா? நான் முப்பத்தொண்ணு. எனக்கு உண்டா?"

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. அண்ணன் முன்னால் நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது இன்னும் மாறவில்லை.

"கீழ்ப்படியாமைன்னு எழுதற அளவுக்கு விட்டுட்டு வந்திருக்கே. நாளைக்குப் போயி, இனிமே சொன்ன வேலையச் செய்யறேன்னு சொல்லு. எதிர்த்துக்கிட்டு நிக்காத."

"ஆனா மேல ஆளு..."

"அவங்க மேலாள். பொறுப்பு அவங்களுது. சொன்னதைச் செய்யறவன் மேல எந்தப் பழியும் வராது."

பெரியவர் மெமோவை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை கிழித்தார். நான்கு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

அடுக்களை வாசலில் நின்றிருந்த தம்பி மனைவி, "அதை வச்சிருந்திருக்கலாமே மாமா" என்றாள்.

"எதுக்கு? சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டவா?"

தம்பி, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவதற்கு முன் பம்பரம் வழக்கம்போலக் கண்ணாடியின் தோளைத் தட்டினான். குடை விரிந்த பிறகு சுற்றிச் சுற்றி இறங்குவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அண்ணே, மேல போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். டீ சொல்லி வைங்க."

"நீ சுத்தற சுத்துல எனக்குத் தலை சுத்துது. நேரா இறங்கேன்டா."

"நேரா இறங்கினா உங்களுக்கு என்ன வேலை? அப்புறம் உங்களத் தூக்கிட்டு ஒரு கொடிய நட்டு வச்சிடுவாங்க."

மடிப்பு அக்கா தரையில் விரித்திருந்த தார்ப்பாயில் முழங்காலிட்டு, கயிறுகளை விரலிடுக்கில் பிரித்துக்கொண்டே சிரித்தாள். கண்ணாடி நான்கு மூடிகளை வலது பையில் போட்டுக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு நான்கு குடைகளும் விரிந்தன. கண்ணாடி வாக்கியில் சொன்னார். ஒருவர் இறங்கினார். இன்னொருவர். பல் டாக்டர் அலுவலகத்துக்குப் போய்க் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ பேசினார். மேனேஜர் ஜன்னலைத் திறந்தார்.

"யோவ் கண்ணாடி, டாக்டருக்கு ஊத்திவிடு. அவருக்கு மதியத்துக்குள்ள போகணுமாம்."

"இன்னும் ரெண்டு பேர் மேல இருக்காங்க சார். பத்து நிமிஷம்."

மூன்றாவது ஆள் புல்லில் கால் வைத்து ஓடி நின்றார்.

"ஒருத்தன்தானேய்யா இருக்கான். அவனுக்கு வழி தெரியாதா? மறுபடி மெமோ வேணுமா உனக்கு?"

கண்ணாடி மேலே பார்த்தார். பம்பரம் எல்லோரையும்விட உயரத்திலேயே குடையை விரித்திருந்தான். மற்றவர்கள் இறங்குவதைத் தலைக்கவசக் கேமராவில் படம் பிடிப்பது அவன் வேலை. மஞ்சள் குடை நகத்தளவு தெரிந்தது. கண்ணாடி மூன்றாவது மூடியை இடது பைக்கு மாற்றினார். வாக்கியை எடுத்து, "இன்னும் ஒரு ஆள் மேல இருக்கார், வராதீங்க" என்று சொன்னார். அப்போது மாணவியின் விமானம் தொலைவில் ஒரு குன்றுக்குப் பின்னால் இருந்தது. முதலில் சொன்னதும் இதுவும் அவளுக்கு எட்டவில்லை. வாக்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பம்பை நோக்கி வேகமாக நடந்தார்.

பம்பின் மோட்டார் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இறக்கையின் மேலிருந்த டாங்க் மூடியைத் திறந்து குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் தலையை மட்டும் பின்னால் திருப்பி வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"பெயிண்ட்ல சிந்தாம பார்த்துக்கப்பா" என்றார் டாக்டர்.

கண்ணாடி குழாயைப் பார்த்தார்.

மாணவி இரண்டு தடவை கேட்டாள். மைதானத்துக்கு மேலாகக் கடந்து, திரும்பி வந்து இறங்கப் போகிறேன், மேலே யாராவது இருக்கிறீர்களா? இரண்டு தடவையும் அவள் குரல் கொக்கியில் மாட்டிய வாக்கியிலிருந்து வெளியே வந்தது. பதில் வரவில்லை. அவள் நேராக வந்தாள்.

மடிப்பு அக்காதான் முதலில் கத்தினாள். கண்ணாடி நிமிர்ந்தார். குழாயைப் போட்டுவிட்டு ஓடினார். பெட்ரோல் புல்லில் கொட்டியது. ஐம்பது அடியையும் ஓடி வாக்கியை எடுத்து, "வராத, வராத, வராதம்மா!" என்று அவர் சொன்னபோது மஞ்சள் குடை விமானத்தின் இறக்கையில் துணி போலச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அறுந்துகொண்டது. பம்பரம் இரண்டாவது குடையை இழுத்தான். அது விரிவதற்கு அங்கே உயரம் போதவில்லை. வேலிக்கு அப்பால் விழுந்தான்.

மாணவி வளைந்த இறக்கையோடு எப்படியோ இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகு இருக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் கேட்டேன். யாருமே பதில் சொல்லல. நான் கேட்டேன்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் தம்பி மனைவி கண்ணாடியின் கால்சட்டையைத் துவைக்க எடுத்தாள். இடது பையில் மூன்று மூடி இருந்தது. வலது பையில் ஒன்று. நான்கையும் சேர்த்துத் தூக்கிப்போடப் போனவளிடம் கணவர், "அந்த ஒண்ணை மட்டும் தனியா வையி" என்றார். அவள் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவர் பம்பரத்தின் வீட்டுக்குப் போனார். அவனுடைய அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். அதற்குள் அந்தத் தெரு வரைக்கும் பேச்சு போய்விட்டிருந்தது.

"தூங்கிட்டியாமே?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

விசாரணைக்குப் பெரியவரும் கூடப் போனார். தேய்த்த வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தம்பியிடம் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவன் சொன்னான், இவன் சொன்னான்னு அடுத்தவன் மேல கை காட்டாத. சாக்குச் சொல்ற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது. அழவும் கூடாது."

"சரிண்ணே."

தாழ்வாரத்தில் மடிப்பு அக்கா நின்றிருந்தாள். முதல் இரண்டு நாள் அவளைத்தான் குடைந்திருக்கிறார்கள், மடிப்பில் தப்பு என்று. அவள் பெரியவரிடம் வந்தாள்.

"ஐயா, போன மாசம் கண்ணாடி அண்ணனுக்கு மெமோ கொடுத்தாங்க. நான் என் கண்ணால படிச்சேன். அந்தக் காகிதம் மட்டும் இருந்தாப் போதும். அவர் வரமாட்டேன்னு சொன்னவர்னு அதுலயே எழுதியிருக்கு."

"உன்னை உள்ள கூப்பிட்டிருக்காங்களாம்மா?"

"மடிப்பப் பத்தி மட்டும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. போகச் சொல்லிட்டாங்க."

பெரியவர் சட்டைக் கையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

அறைக்குள் நீண்ட மேஜை. விசாரணை அதிகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்தாள். எதிரே மேனேஜர், அவரோடு ஒரு வக்கீல். பெரியவரைச் சுவரோர நாற்காலியில் உட்கார அனுமதித்தார்கள்.

"மாணவி கூப்பிட்டபோது வாக்கிடாக்கி உங்கள் கையில் இருந்ததா?"

"இல்லைங்க."

"அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?"

"இல்லைங்க."

"வானத்தில் ஒரு ஆள் இருப்பது தெரியுமா?"

"தெரியுங்க."

தட்டச்சு நின்றது. அதிகாரி தலை தூக்கிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்."

"ஊத்தச் சொன்னாங்க. ஊத்தினேன்."

"கூடாது என்று சொல்லியிருக்கலாமே? எப்போதாவது சொன்னதுண்டா?"

"ஒரு தடவை சொன்னேங்க. மெமோ கொடுத்தாங்க."

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு, "அப்படி எதுவும் எங்கள் ஆவணத்தில் இல்லை" என்றார்.

"அந்த மெமோ உங்களிடம் இருக்கிறதா?"

கண்ணாடி திரும்பி அண்ணனைப் பார்த்தார். பெரியவர் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன. தட்டச்சுப் பெண் விரல்களை விசைகள்மேல் வைத்துக் காத்திருந்தாள்.

கண்ணாடி அதிகாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொலைஞ்சுபோச்சுங்க" என்றார்.

அந்தப் பெண் தட்டச்சு செய்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தம்பி, "பார்த்து, படி உயரம்" என்று சொல்லி அண்ணனின் முழங்கையைப் பிடித்தார்.

முடிவு தபாலில் வந்தது. பணியிடத்தை விட்டு அகன்றது, வாக்கிடாக்கியைக் கைவிட்டது, அதன் விளைவாக ஒரு மரணம். இனி எந்த மைதானத்திலும் அவர் இந்த வேலை பார்க்க முடியாது. முன்பே ஆட்சேபித்ததாகக் கூறியதற்கு ஆதாரம் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெரியவர் அந்தக் கடிதத்தைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

தம்பியின் பொருள்களை எடுத்துவரப் பெரியவர்தான் மைதானத்துக்குப் போனார். ஒரு தொப்பி, சாப்பாட்டு டப்பா, ரப்பர் செருப்பு. தூரக்கண்ணாடி கம்பெனியுடையது, தரவில்லை. கொடிக்கம்பத்தடியில் இப்போது ஒரு குடை நட்டிருந்தார்கள். அதன் நிழலில் புது ஆள் ஒருவர் வாக்கியோடு நின்றார். பெட்ரோல் பம்பில் இன்னொரு புது ஆள் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரும்புத் தூணின் கொக்கியில் பம்புக்காரரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"எப்ப சேர்ந்தீங்க?" என்று பம்புக்காரரிடம் கேட்டார் பெரியவர்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம் ஐயா. ஒருத்தர் ரெண்டு வேலையும் பார்க்கக் கூடாதுன்னு இப்ப விதி வந்திருக்கு."

கண்ணாடி ஒரு அட்டைப்பெட்டிக் கிடங்கில் சேர்ந்தார். பெட்டி தூக்கும் வேலை, தரையைப் பார்த்து நடக்கும் வேலை. மாலையில் வந்து சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை. வலது கை மட்டும் கால்சட்டைப் பைக்குள் போகும்.

கடிதம் வந்த இருபத்தாறாம் நாள் காலை தம்பி மனைவி பெரியவரின் மேஜையில் காபியை வைத்தாள்.

"இன்னும் நாலு நாள் இருக்கு மாமா."

பெரியவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். அவள் கொஞ்சம் நின்றாள்.

"அவர் உங்களக் கேக்க மாட்டார். உயிர் போனாலும் கேக்க மாட்டார். அதனாலதான் நான் வந்து சொல்றேன்."

"காபி ஆறிப்போகுது, எடுத்துட்டுப் போ."

"இப்பத்தானே மாமா வச்சேன்."

அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்பதாவது நாள் பெரியவர் முகச்சவரத்துக்குப் போனார். முடிதிருத்துபவர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டி முகம் முழுக்க நுரை பூசிவிட்டார். பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மின்சாமான் கடைக்காரர்.

"அந்த விமான மைதானத்து ஆள் இப்ப பெட்டி தூக்கறானாம்."

"தூக்கட்டும். தூங்கினா அப்படித்தான்."

"அதுல இன்னொண்ணு கேட்டியா? மெமோ கொடுத்தாங்க, அது தொலைஞ்சுபோச்சுன்னு விசாரணையில கதை விட்டிருக்கான். இருந்தாத்தானே தொலையறதுக்கு? இல்லாத காகிதத்துக்கு எங்கிருந்துய்யா மெமோ?"

முடிதிருத்துபவர் சுவர்க் கண்ணாடி வழியாக அவர்களுக்குக் கண்ணைக் காட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை. கத்தி பெரியவரின் தாடையில் நின்றது. பெரியவர் துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, கத்தி பிடித்த கையை மெதுவாக விலக்கினார். பாதி முகத்தில் நுரையோடு எழுந்து, அவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"அவன் தூங்கல. மெமோ இருந்துச்சு. தொலையவும் இல்ல. நாலாக் கிழிச்சுக் குப்பையில போட்டவன் நான். அவனோட அண்ணன்."